டர்பனில் மின்சாரக் கார் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் வீட்டில் இரவு முழுக்க சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்ரோல் காரோ, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிடோ போதும், அவசரப்பட வேண்டாம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கராஜ் உள்ள வீடு என்றால் சாதாரண பிளக்கிலேயே பத்து மணி நேரத்தில் சுமார் 20 யூனிட் ஏறும், அது நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், வேலைக்கும் கோவிலுக்கும் போய்வர தாராளம். எஞ்சின் ஆயில் மாற்றும் செலவும் கிடையாது.

நீண்ட பயணம்தான் சிக்கல். ஜோகன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், அதோடு என்3 சாலை கடலோரத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது, ஏற்றத்தில் பேட்டரி வேகமாக இறங்கும், அதனால் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் தெரியும் ரேஞ்சை அப்படியே நம்பாமல் வழியில் சார்ஜ் போடும் இடங்களைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும், அது நல்ல விஷயம்.

அப்புறம் மின்வெட்டு. லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, அறிவித்தால் முந்தைய இரவே ஏற்றி வையுங்கள். முடிந்தால் கூரையில் சோலார் போடுங்கள், ஏனென்றால் தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காம் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி புகை கக்கும் நிலக்கரியில்தான் தயாராகிறது. பழைய மின்சாரக் கார் என்றால் பேட்டரியின் நிலை பற்றிய அறிக்கையைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.