சுரங்க அனுமதிக் கோப்பைப் படிப்பது எப்படி? இராமநாதபுரம் கடலோர ஊர்க்காரர்களுக்கு

எங்கள் ஊர்ப் பனங்காட்டை ஒட்டி சவுடு (மணல் கலந்த நிரப்பு மண்) அள்ளிய ஒரு பழைய குழி கிடக்கிறது. ஐப்பசி மழையில் நிறையும், மாசியில் வற்றி ஓரமெல்லாம் வெள்ளையாக உவர் பூத்துவிடும். அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் அம்மாவும் அத்தையும் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். இன்று அந்த ஊற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குழியை என்ன செய்யப்போகிறார்கள் என்று அனுமதி கொடுக்கும்போதே ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. சவுடோ, கிராவலோ, நாளைக்கு நிலக்கரியே வந்தாலும் கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: எந்தக் கனிமம், எத்தனை ஹெக்டேர்?

சவுடு, கிராவல் போன்ற சிறுகனிமக் குவாரி 5 ஹெக்டேருக்குள் (12.35 ஏக்கர்) இருந்தால் பொதுவாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. அதனால் கோப்பில் 4.9 ஹெக்டேர் என்று பார்த்தால் அக்கம்பக்கத்தையும் பாருங்கள். 500 மீட்டருக்குள் இருக்கும் மற்றக் குவாரிகளையும் சேர்த்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் அது ஒரு தொகுப்பு. அப்போது கூட்டம் நடத்தச் சொல்லிக் கேட்கலாம்.

படி 2: கோப்பை வாங்குங்கள்

சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

படி 3: கடைசியிலிருந்து படியுங்கள்

முன்பக்கங்களில் வேலைவாய்ப்பு, வருமானம் என்று நிறைய இருக்கும். நீங்கள் நேராகச் சுரங்க மூடல் திட்டத்துக்கு, அதாவது தோண்டி முடித்தபின் குழியை என்ன செய்வார்கள் என்று சொல்லும் பகுதிக்கு, போங்கள். 'குழி மழைநீர்ச் சேமிப்புக் குளமாக மாற்றப்படும்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். உள்நாட்டில் சில இடங்களில் அது சரிப்பட்டு வரலாம். நம்ம கடற்கரையில் அந்த வரியை நான் நம்பமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். மணலுக்கடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் கணக்கு. மேலே அரை மீட்டர் இறங்கினால், நாளடைவில் கீழே உப்பு 20 மீட்டர் ஏறி வரும். தண்ணீர் தட்டும் ஆழம்வரை தோண்டிய குழி வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வருஷம் முழுக்க யாரோ மோட்டார் போட்டு இறைப்பது மாதிரிதான் அது.

ஆகவே மூன்று கேள்விகள். தோண்டும் ஆழம் கோடைகால நீர்மட்டத்தைத் தொடுகிறதா? மேல்மண்ணை எங்கே தனியாகக் குவித்து வைப்பார்கள், எப்போது திரும்பப் பரப்புவார்கள்? மூடுவதற்கான பணம் எவ்வளவு, யார் கையில்? நிலக்கரிச் சுரங்கம் என்றால் மூடும் செலவை ஆண்டுதோறும் எஸ்க்ரோ கணக்கில் (நிறுவனம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கு) கட்டிவர வேண்டும் என்று மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009-லேயே விதி போட்டது. சின்னக் குவாரிக்காரரிடமும் அதே தெளிவை எதிர்பார்ப்பதில் தவறே இல்லை.

படி 4: அளந்து எழுதுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, தரையிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அடி என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி ஊற்றுத் தண்ணீரையும் சோதியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. தேதி, இடம், அளவு மூன்றையும் ஒரே நோட்டில் மாதாமாதம் குறித்து வாருங்கள். அறிக்கையில் விட்டுப்போன ஊருணி, கண்மாய், ஊற்று எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

படி 5: கூட்டத்தில் பேசுங்கள்

2023 ஏப்ரலில் காவிரி டெல்டா பகுதியின் மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அங்கே 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஒரு வேலியாக இருந்தது. அந்தச் சட்டத்துக்குள் நம்ம மாவட்டம் வரவில்லை. நமக்கு இருக்கும் வேலி இந்தக் கூட்டம்தான், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஒருவர் ஒரு விஷயம் என்று பிரித்துக்கொண்டு பேசுங்கள். அதையே மனுவாகவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கடலுக்குப் போனவர்கள் கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் சொன்னது அதில் வராவிட்டால், அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 6: அனுமதி வந்துவிட்டால்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்வரை ஏற்கலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

அப்புறம், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அதை வாங்கி உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். நீர்மட்டம் சீராக இருக்கிறது என்று அதில் எழுதி, உங்கள் கயிறு இரண்டடி கூடுதலாக இறங்கியிருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து அன்றைக்கே வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.