ஏஜிசியை நம்பி உட்கார்ந்தால் இரைச்சல்தான் கேட்கும்

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் 2 பனைமரத்துக்கு நடுவே 20 மீட்டர் கம்பியை டைபோலாக (நடுவில் கேபிள் இணைக்கும் ஆன்டெனாவாக) கட்டி, ஹாம் ரேடியோ செட்டில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) காதை வைத்ததுமே "ஒரே கொர்ர்ர் சத்தம், செட் போச்சா?" என்று பதறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திருவிழா மைக் செட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் கத்தினால் சட்டென்று குறைப்பார், முணுமுணுத்தால் ஏற்றுவார். யாருமே பேசாதபோதும் ஏற்றிக்கொண்டே போனால் ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்கும். செட்டுக்குள் இருக்கும் ஏஜிசி (ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல்) அந்த மாதிரி ஆள். பலமான சிக்னல் வந்தால் சில மில்லிசெகண்டில் கெயினை, அதாவது பெருக்கத்தை, இறக்கும், நின்றதும் மெல்ல ஏற்றும், எதிர்முனைக்காரர் மூச்சு வாங்குகிற இடைவெளியில்கூட இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும்.

அதனால் முதலில் ஆர்எஃப் கெயினில் கை வையுங்கள், ஆன்டெனாவில் வருவதை எவ்வளவு பெருக்கணும் என்று நாமே வைக்கிற குமிழ் அது. 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் யாரும் பேசாத இடமாகப் பார்த்து நிறுத்தி, சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் எங்கே ஆடுகிறது என்று பாருங்கள், எஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆர்எஃப் கெயினைக் குறைத்தால் பல செட்டுகளில் முள் மேலே ஏறும். பயப்பட வேண்டாம், சிக்னல் கூடவில்லை, கெயின் குறைந்ததைத்தான் முள் அப்படிக் காட்டுகிறது. எஸ் 5-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றதும் விட்டுவிடுங்கள். இனி அதைவிடப் பலமாக வருவதற்குத்தான் முள் அசையும், இடைவெளிகளில் காது குளிரும்.

அப்புறம் நாய்ஸ் பிளாங்கர், துடிப்பு வரும் கணத்தில் மட்டும் செட்டை ஊமையாக்குகிற வசதி. இது பெட்ரோல் பைக்கின் ஸ்பார்க் பிளக் மாதிரி டிக் டிக் என்று வரும் துடிப்புகளுக்கு மட்டும்தான். விசைப்படகு டீசல், அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, எனவே படகுத்துறையைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பக்கத்தில் பலமான ஸ்டேஷன் இருந்தால் பிளாங்கரே குரலைக் கடித்துக் குதறும், அப்போது அணைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் மசியாத இரைச்சல் என்றால் வேரைத் தேடணும். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் திருடன் வீட்டுக்குள்தான்: எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் மலிவான சார்ஜர்தான் பெரும்பாலும் மாட்டும்.

விழவில்லையா? சின்ன டிரான்சிஸ்டரை ஏஎம்மில் வைத்துக்கொண்டு தெருவில் நடங்கள், ஏதாவது மின்கம்பத்தருகே உறுமல் கூடும். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வருவது) அடிக்கிற மாதங்களில் மழையும் இல்லாமல் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்து, இரவு ஈரத்தில் அதன் வழியே மின்சாரம் கசிந்து பொறிகிறது, 50 ஹெர்ட்ஸ் லைனில் அது 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும். கம்பத்தைத் தொடவோ தட்டவோ வேண்டாம், எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் சொல்லுங்கள். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் தானாகவும் அடங்கும்.

ஆனால் அந்த மழையோடு மின்னல் வரும். ஒவ்வொரு படீருக்கும் ஏஜிசி கெயினை இறக்கிவிடும், அது திரும்ப ஏறும் வேகத்தை ஸ்லோவில் வைத்திருந்தால் ஓரிரு விநாடி செவிட்டுத்தனம்தான், அதற்குள் எதிர்முனைக்காரர் சொல்லும் கால்சைன் (அவருடைய அடையாளக் குறி) போய்விடும். ஃபாஸ்டுக்கு மாற்றி, ஆர்எஃப் கெயினை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். இடி பாம்பன் பக்கம் நெருங்கிவிட்டது என்றால் எந்தக் குமிழும் வேண்டாம். நான் ஆன்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு டீ போடப் போய்விடுவேன்.