மெனோபாஸுக்கான ஹார்மோன் சிகிச்சை: வகைகளைப் புரிந்துகொள்வது எப்படி

மாதவிடாய் நிற்கும் பருவத்துத் தொல்லைகளுக்கு மருத்துவர் ஹார்மோன் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், அதை ஏதோ ஒரே மருந்து என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் எண்ணிக்கொள்கின்றன. அந்தப் பெயருக்குள் வெவ்வேறு ஹார்மோன்களும், அவற்றை உடலுக்குள் செலுத்தும் வெவ்வேறு வழிகளும், மாதம் முழுவதும் தருவதா குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் தருவதா என்னும் முறைகளும் அடங்கியிருக்கின்றன. தங்கைக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை அக்காவுக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே தன் மருந்துச்சீட்டில் எழுதியிருப்பது எந்த வகை, அது ஏன் தனக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனாலே அது பெரும்பாலும் விளங்கிவிடும்.

அதற்கு முன் அடிப்படையான ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதவிடாய் வந்து முழுமையாகப் பன்னிரண்டு மாதங்கள் கடந்த பிறகே அது நின்றுவிட்டது என்று கொள்ளப்படுகிறது. மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுவது சாதாரணம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, பின்னர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. திடீரென்று உடல் கொதித்து வியர்ப்பது, இரவில் தூக்கம் கலைவது, எரிச்சல், மூட்டுவலி, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை இந்தக் குறைவினால் வருபவை. 45 வயதைக் கடந்தவருக்கு மெனோபாஸை உறுதிசெய்ய இந்த அறிகுறிகளே போதும். இரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்ப்பது பெரும்பாலும் தேவையற்ற செலவு. நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பரிசோதனையும் தேவை, சிகிச்சையும் பெரும்பாலும் தேவை.

கர்ப்பப்பை இருக்கிறதா, இல்லையா?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். மற்ற எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டவை. வெப்பத்தையும் வியர்வையையும் அடக்குவது ஈஸ்ட்ரோஜன். ஆனால் அதே ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடித்து வளரச் செய்யும். வளர்ச்சியைத் தடுக்க எதுவும் இல்லாமல் அது மட்டும் தொடர்ந்து கிடைத்தால், அந்த உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளைத் தனியாக உட்கொண்ட பெண்களிடம் இது 1970களின் நடுவில் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒன்றையும் சேர்த்தே தருகிறார்கள். இதுவே கூட்டுச் சிகிச்சை. கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கவனம் தேவை. அதிக இரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல், கட்டி என்று பல காரணங்களுக்காக முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் ஏராளம். அறுவையின்போது சூலகங்களும் எடுக்கப்பட்டனவா என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. சூலகங்களும் போயிருந்தால் அந்த வாரத்திலேயே மெனோபாஸ் தொடங்கிவிட்டது என்று பொருள். இளம் வயதில் ஈஸ்ட்ரோஜனை இழந்த உடலில் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அப்படிப்பட்டவர்களுக்கும் நாற்பதுக்கு முன் இயற்கையாகவே மாதவிடாய் நின்றவர்களுக்கும், தடை ஏதும் இல்லையென்றால், ஏறக்குறைய ஐம்பது வயது வரையிலாவது ஹார்மோன் தர வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். அறுவை நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை எப்படியாவது தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுத்திருந்தாலோ, உட்சுவர்த் திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்காக அறுவை செய்திருந்தாலோ, கர்ப்பப்பை இல்லாதவருக்கும் புரோஜெஸ்டிரோன் தேவைப்படலாம் என்பதால் அந்தத் தாள் மிக முக்கியமானது.

மாதம் முழுவதுமா, சில நாள்கள் மட்டுமா?

கூட்டுச் சிகிச்சையில் இரண்டு முறைகள் உள்ளன. மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காமல் முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருப்பவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜனைத் தினமும் கொடுத்து, புரோஜெஸ்டிரோனை மாதத்தில் 12 முதல் 14 நாள்கள் மட்டும் கொடுப்பார்கள். அந்த நாள்கள் முடிந்ததும் மாதவிடாய் போன்ற இரத்தப்போக்கு வரும், அது எதிர்பார்த்ததே. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தவர்களுக்கு இரண்டையும் தினமும் சேர்த்துத் தருவார்கள். இதில் மாதாந்திர இரத்தப்போக்கு இராது. தொடக்கத்து மூன்று, நான்கு மாதங்களில் அங்கங்கே கறை படுவது இயல்பு. ஆறு மாதங்களுக்குப் பிறகும் அது தொடர்ந்தாலோ, நின்றுபோன பிறகு மீண்டும் வந்தாலோ, ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமனைப் பார்த்தே தீர வேண்டும்.

இவை எதுவும் கருத்தடை மாத்திரைகள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டும், அதற்குக் குறைந்த வயதினர் இரண்டு ஆண்டுகளும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

எந்தப் புரோஜெஸ்டிரோன்?

ஈஸ்ட்ரோஜனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் சிகிச்சையின் பக்கவிளைவுகளில் பெரும்பகுதி அதனுடன் சேரும் துணை மருந்தைப் பொறுத்தது. உடல் சுரப்பதற்கு முற்றிலும் ஒப்பான நுண்துகள் புரோஜெஸ்டிரோன் மாத்திரையாகக் கிடைக்கிறது. தினமும் என்றால் 100 மில்லிகிராம், மாதத்தில் சில நாள்கள் என்றால் 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. இது தூக்கத்தைத் தரும் என்பதால் படுக்கப்போகும்போது உட்கொள்ளச் சொல்வார்கள். தூக்கமின்றித் தவிப்பவர்களுக்கு இதுவே ஓர் ஆறுதல். டைட்ரோஜெஸ்டிரோன் அமைப்பில் இயற்கைப் புரோஜெஸ்டிரோனுக்கு மிக நெருங்கியது. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன், நோரெத்திஸ்டிரோன் ஆகியவை பழைய செயற்கை வகைகள். கோயில் விசேஷங்களுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் வாங்கும் மாத்திரையில் இருப்பதும் இந்த நோரெத்திஸ்டிரோன்தான். அந்தப் பழக்கத்தைக் கொண்டு அதே மாத்திரையை மெனோபாஸ் சிகிச்சையாகத் தாமே தொடர்வது தவறு. நுண்துகள் புரோஜெஸ்டிரோன், டைட்ரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டிலும் மார்பகப் புற்றுநோய் அபாயம் பழைய செயற்கை வகைகளைவிடக் குறைவாக இருப்பதாகப் பிரான்சில் நடந்த பெரிய கண்காணிப்பு ஆய்வு காட்டியிருக்கிறது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனை வெளிவிடும், கர்ப்பப்பைக்குள் பொருத்தப்படும் சாதனமும் இந்தத் துணை மருந்தின் வேலையைச் செய்யும். 52 மில்லிகிராம் மருந்துள்ள சாதனம் ஐந்து ஆண்டுகள் உட்சுவரைப் பாதுகாக்கும். அதிக இரத்தப்போக்கால் துன்புறும் நாற்பதுகளின் பெண்களுக்கு இரண்டு தொல்லைகளும் ஒரே ஏற்பாட்டில் அடங்கும்.

மாத்திரையா, தோல் வழியா?

விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதற்கு எதிர்வினையாக இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகளைக் கூடுதலாக உண்டாக்குகிறது. டிரைகிளிசரைடு கொழுப்பும் ஏறுகிறது. இதனால் கால் சிரைகளிலும் நுரையீரலிலும் இரத்தம் கட்டும் அபாயம் சற்றுக் கூடுகிறது. தோலில் ஒட்டும் பட்டை, தோலில் தேய்க்கும் ஜெல், தெளிப்பான் ஆகியவற்றில் ஹார்மோன் நேரே இரத்தத்தில் கலப்பதால் கல்லீரலின் இந்த எதிர்வினை பெரும்பாலும் இல்லை. வழக்கமான அளவுகளில் இரத்தக்கட்டு அபாயம் கூடுவதாகவும் தெரியவில்லை. உடல் பருமன், உயர் டிரைகிளிசரைடு, பித்தப்பைக் கல், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் இரத்தக்கட்டு வரலாறு உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது தோல் வழி வகையைத்தான். நீரிழிவும் பருமனும் இவ்வளவு பரவியிருக்கும் நம் சமூகத்தில், பழக்கம் என்ற காரணத்துக்காக மட்டும் மாத்திரையிலேயே தொடங்குவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. அதே வேளையில், எல்லா வகையும் எல்லா ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைப்பதில்லை. விலையும் மாத்திரையைவிடக் கூடுதலாக இருக்கலாம். தடைகள் ஏதும் இல்லாத, மெலிந்த, ஆரோக்கியமான ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மாத்திரை நல்ல தேர்வே.

ஜெல்லை முன்கையிலோ தொடையிலோ தடவி உலர விட வேண்டும், மார்பகத்தில் தடவக்கூடாது. தடவிய இடம் குழந்தைகள் மீது படாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். பட்டைகளில் பெரும்பாலானவற்றை வாரம் இருமுறை, இடுப்புக்குக் கீழே இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். நம் வெயிலிலும் வியர்வையிலும் அவை கழன்றுவிடுவதுண்டு என்பதால் சிலருக்கு ஜெல் வசதியாக இருக்கும். மாத்திரைகளிலும் இரண்டு வகை ஈஸ்ட்ரோஜன்கள் உண்டு. சூலகம் சுரப்பதற்கு ஒப்பான எஸ்ட்ரடயால் ஒன்று. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டு 1942 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கலவை மற்றொன்று.

பிறப்புறுப்புத் தொல்லை மட்டும் என்றால்

வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவை மட்டுமே தொல்லை என்றால் உடல் முழுவதற்குமான ஹார்மோன் தேவையில்லை. பிறப்புறுப்புக்குள் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்போ மாத்திரையோ போதும். முதல் இரண்டு வாரங்கள் தினமும் இரவிலும், பிறகு வாரம் இருமுறையும் வைப்பது வழக்கம். இரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சிறிது. ஆகையால் கர்ப்பப்பை இருந்தாலும் புரோஜெஸ்டிரோன் சேர்க்க வேண்டியதில்லை. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஒவ்வொரு தொற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் காலம் தள்ளும் அறுபது, எழுபது வயது அம்மாக்களுக்கு இந்தச் சிறு களிம்பு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெப்பமும் வியர்வையும் போல இந்தத் தொல்லை காலப்போக்கில் தானே அடங்குவதில்லை. ஆகவே இந்தச் சிகிச்சையை நெடுங்காலம் தொடரலாம்.

டிபோலோன் என்னும் செயற்கை மருந்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஆண் ஹார்மோன் ஆகிய மூன்றின் செயலையும் ஓரளவு கொண்டது. கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டு கடந்தவர்களுக்கே உரியது. அறுபதைக் கடந்தவர்களுக்குப் பக்கவாத அபாயம் உள்ளதால் பொருந்தாது. பாலுறவு நாட்டம் குறைந்து அதனால் மனம் வருந்தும் பெண்களுக்குச் சிறிதளவு டெஸ்டோஸ்டிரோன் தரப்படுவதுண்டு. வேறு காரணங்களுக்காக அதைக் கேட்டு வாங்குவதற்கு ஆதாரம் இல்லை. ‘இயற்கை ஹார்மோன்’ என்ற விளம்பரத்துடன் தனித்தனியாகக் கலந்து தரப்படும் களிம்புகளையும் தோலுக்கடியில் புதைக்கும் குளிகைகளையும் தவிர்க்கவே சொல்வேன். அங்கீகாரம் பெற்ற எஸ்ட்ரடயாலும் நுண்துகள் புரோஜெஸ்டிரோனுமே உடலுக்கு ஒப்பானவை. அவற்றின் அளவு சோதிக்கப்பட்டது.

2002ஆம் ஆண்டின் அச்சம்

ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அதை எடைபோட முடியும். அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் பெரும் ஆய்வில், 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களிடம் கூட்டுச் சிகிச்சை சோதிக்கப்பட்டது. 2002 ஜூலையில் அது இடையிலேயே நிறுத்தப்பட்டதும், உலகெங்கும் பெண்கள் மாத்திரைகளைத் தூக்கியெறிந்தார்கள். அந்த ஆய்வு கண்டது என்ன? அந்தச் சிகிச்சையைப் பெற்ற 10,000 பெண்களில் ஓராண்டுக்குக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டு, 7 பேருக்கு இதயநோய். குறைவாக 6 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய், 5 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு. அவர்களின் சராசரி வயது 63. கொடுக்கப்பட்டது குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனும் சேர்ந்த ஒரே மாத்திரை. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சோதிக்கப்பட்ட பிரிவு 2004இல் பக்கவாத அபாயத்தால் நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, நீண்டகாலக் கண்காணிப்பில் குறைந்தே இருந்தது.

ஆக, அபாயம் பொய்யன்று; அது வயதையும் வகையையும் பொறுத்தது. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள், தொல்லை தரும் அறிகுறிகளுக்காகத் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே மேலோங்குகிறது என்பதில் இன்று மருத்துவச் சங்கங்களிடையே பரவலான உடன்பாடு உள்ளது. இதயநோயைத் தடுக்க என்று அறுபத்தைந்து வயதில் புதிதாகத் தொடங்குவதை யாரும் ஏற்பதில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் அட்டைகளில் இருந்த கட்டமிட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது; கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் குறித்த எச்சரிக்கையை மட்டும் தனி ஈஸ்ட்ரோஜன் மருந்துகளில் தக்கவைத்தது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள் பொதுவாக இச்சிகிச்சையைப் பெறக்கூடாது. இவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

கடைசி மாதவிடாய் வந்த தேதி, அறுவை விவரம், இரத்த அழுத்தம், சர்க்கரை, தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கு மார்பக, சூலகப் புற்றுநோய் அல்லது இரத்தக்கட்டு வந்தது என்ற விவரம், தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகள் (சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட) ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தொல்லை எத்தனை முறை வருகிறது என்பதையும் அதில் சேர்த்தால் மருத்துவர் அளவைத் தீர்மானிப்பது எளிது. குறைந்த அளவில் தொடங்கி, மூன்று மாதங்களில் மீண்டும் சந்தித்து, தேவைக்கேற்ப ஏற்றுவதோ மாற்றுவதோ வழக்கம்; பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையை வயதுக்கேற்பத் தொடர வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் என்பதற்குப் பொதுவான கெடு கிடையாது. கூட்டுச் சிகிச்சையில் ஆண்டுகள் கூடக் கூட மார்பகப் புற்றுநோய் அபாயமும் சிறிது சிறிதாகக் கூடும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் தேவையை மறுபடி பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். நிறுத்தும்போது ஒரே நாளில் விடலாம், சில மாதங்களில் படிப்படியாகவும் குறைக்கலாம். படிப்படியாகக் குறைத்தால் வெப்பமும் வியர்வையும் உடனே திரும்பாமல் இருக்கலாம்; நீண்டகால நோக்கில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. நிறுத்தி மூன்று, நான்கு மாதங்களுக்குப் பிறகும் தொல்லை கடுமையாக இருந்தால் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.