பாத்திர வகுப்புகள்: புதியவர்கள் தவறும் இடங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களோடு அடிக்கடி உட்காருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், பாத்திரங்களின் பெயர்கள் மாறுகின்றன, தவறுகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றில் பல நானும் செய்தவை என்பதால், வரும்போதே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

பகடையைத் தவறாகப் படிப்பது, கூட்ட வேண்டிய எண்ணைக் கூட்ட மறப்பது, அம்புகளை எண்ணாமல் விடுவது ஆகியவற்றை இங்கே தொடப்போவதில்லை. சில மாலைகள் ஆடினால் அவை தாமாகவே சரியாகிவிடும். வகுப்பு என்பது பாத்திரத்தின் தொழில். ஒரு வகுப்புக்கும் இன்னொரு வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் வரும் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும். சில நேரங்களில் ஆளையே ஆட்டத்தைவிட்டு அனுப்பிவிடும். கீழே வரும் எண்கள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைச் சேர்ந்தவை. 2024-இல் வந்த திருத்தத்தில் சில மாறியிருக்கின்றன.

படத்தைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

1974-இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது வகுப்புகள் மூன்றுதான்: சண்டை வீரர், மந்திரவாதி, தெய்வ சக்தியால் மந்திரம் சொல்லும் கிளெரிக். அடுத்த ஆண்டு திருடர் சேர்ந்தார். அந்தக் காலத்தில் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். வாள் வைத்திருப்பவர் வெட்டுவார், தொப்பி போட்டவர் மந்திரம் சொல்வார். 2014 ஆட்டக்காரர் கையேட்டில் 12 வகுப்புகள் இருக்கின்றன. அவற்றில் அங்கி அணிந்து கையிலிருந்து நெருப்பை வீசுகிறவர்கள் மட்டும் மூன்று பேர்: விசார்ட், சோர்சரர், வார்லாக். படத்தில் மூவரும் உடன்பிறந்தவர்கள் போலவே இருப்பார்கள்.

ஆடும்போது மூவரும் மூன்று திசை. விசார்ட் முதல் நிலையிலேயே (அனுபவம் சேரச் சேரப் பாத்திரத்தின் நிலை உயரும்) ஆறு மந்திரங்கள் எழுதிய புத்தகத்தோடு வருகிறார். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மந்திரங்கள் கூடும். ஐந்தாம் நிலையில் குறைந்தது 14 இருக்கும். அவற்றிலிருந்து அன்றைக்கு வேண்டியவற்றை நெடு ஓய்வு முடிந்ததும் தேர்ந்தெடுத்துத் தயார் செய்துகொள்ள வேண்டும். அதே நிலையில் சோர்சரருக்குத் தெரிந்தவை ஆறே மந்திரங்கள். ஆனால் அந்த ஆறையும் அவரால் வளைக்க முடியும்: ஒரு மந்திரத்தை இருவர் மீது ஏவலாம், எட்டாத தூரத்துக்கு நீட்டலாம், ஓசையில்லாமல் சொல்லலாம். வார்லாக்கின் கதையே வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

பட்டியல்களைப் படிக்கவே பிடிக்காத ஒருவர் தாடிக்கும் தொப்பிக்கும் ஆசைப்பட்டு விசார்டை எடுத்தால் என்ன ஆகும்? தன் முறை வரும்போதெல்லாம் புத்தகத்தைப் புரட்டுவார், மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அவருக்கு சோர்சரர்தான் சரி. காவலாளியிடம் பேசி உள்ளே நுழைய விரும்புகிறவருக்கும் அதுவே. சோர்சரரின் மந்திர வலிமை பிறரைக் கவரும் திறனிலிருந்து வருகிறது, விசார்டின் வலிமை அறிவுக்கூர்மையிலிருந்து வருகிறது. காவலாளிகளுக்கு அறிவுக்கூர்மையைப் பற்றிப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

ஓய்வைக் கணக்கில் கொள்ளாமல் வகுப்புகளை ஒப்பிடுவது

இதை எத்தனை முறை விளக்கினாலும் எரிச்சல் தீர்வதில்லை. வகுப்புகளுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு ஆயுதத்திலோ மந்திரத்திலோ இல்லை. செலவழித்த சக்தி எப்போது திரும்பி வருகிறது என்பதில் இருக்கிறது. கையேட்டில் இது ஒவ்வொரு வகுப்பின் விவரத்துக்குள்ளும் அரை வரியாக ஒளிந்துகொண்டிருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓய்வு இரண்டு வகை. குறு ஓய்வு குறைந்தது ஒரு மணி நேரம், நெடு ஓய்வு எட்டு மணி நேரம். இரண்டுமே கதைக்குள் ஓடும் நேரம்தான். விசார்ட், சோர்சரர், கிளெரிக், புனிதப் போர்வீரரான பாலடின் ஆகியோரின் மந்திர ஸ்லாட்டுகள், அதாவது ஒரு மந்திரத்துக்கு ஒன்று என்று செலவாகும் வாய்ப்புகள், நெடு ஓய்வில் திரும்பும். வார்லாக்கின் ஸ்லாட்டுகள், வெறுங்கையால் சண்டையிடும் துறவியான மாங்க்கின் கி என்ற சக்திப் புள்ளிகள், சண்டை வீரரான ஃபைட்டர் ஒரே முறையில் இரண்டு செயல்கள் செய்யும் ஆக்‌ஷன் சர்ஜ் ஆகியவை குறு ஓய்விலேயே திரும்பிவிடும். முன்னவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், பின்னவர்கள் தினக்கூலிக்காரர்கள். சம்பள நாளன்று மட்டும் இருவர் பையையும் திறந்து பார்த்துவிட்டு யார் வசதியானவர் என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி?

அந்தத் தீர்ப்பைத்தான் பல மேசைகளில் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் மிகுந்த ஆசையோடு வார்லாக் ஒன்றை உருவாக்கினார். பாதாளப் பிரபுவோடு ஒப்பந்தம், கடன்பட்ட குடும்பம், இரண்டு பக்கத்துக்குப் பின்னணிக் கதை. அந்தக் குழுவின் வழக்கமோ ஒரு மாலைக்கு ஒரே ஒரு பெரிய சண்டை. அது முடிந்ததும் எல்லோரும் கூடாரம் போட்டுத் தூங்கிவிடுவார்கள். சண்டை தொடங்கும். நண்பர் இரண்டு மந்திரங்களைப் பயன்படுத்துவார், ஸ்லாட்டுகள் தீர்ந்துவிடும். பிறகு ஸ்லாட் தேவைப்படாத எல்ட்ரிட்ச் பிளாஸ்ட், மறுபடியும் எல்ட்ரிட்ச் பிளாஸ்ட், அதற்குப் பிறகும் அதேதான். பக்கத்தில் இருந்த விசார்ட் சண்டை முடியும்வரை முறைக்கு ஒரு மந்திரமாக வாரி வீசிக்கொண்டிருந்தார். சில வாரங்களில் நண்பர் அந்தப் பாத்திரத்தையே கைவிட்டார். “வார்லாக் பலவீனமான வகுப்பு, முதலிலேயே விசார்ட் எடுத்திருக்கலாம்” என்று மேசையில் இருந்தவர்கள் ஆறுதல் வேறு சொன்னார்கள். எனக்கு எரிச்சல் வந்தது அந்த ஆறுதலில்தான்.

கணக்கைப் பாருங்கள். மந்திரத்தின் வலிமையைப் படியால் அளப்பார்கள். ஐந்தாம் நிலை விசார்டுக்கு முதல் படி ஸ்லாட் 4, இரண்டாம் படி 3, மூன்றாம் படி 2. ஆக மொத்தம் 9. அதே நிலையில் வார்லாக்குக்கு இரண்டே ஸ்லாட்டுகள், ஆனால் இரண்டுமே மூன்றாம் படி. ஒரே சண்டையோடு நாள் முடிந்தால் 9-க்கு 2, நண்பர் தோற்கத்தான் செய்வார். அதே நாளில் இரண்டு குறு ஓய்வுகள் இருந்தால் வார்லாக்குக்கு மூன்றாம் படி மந்திரங்கள் 6 கிடைக்கும். மூன்றாம் படி மந்திரமான ஃபயர்பால் என்பது ஆறு முகப் பகடைகள் எட்டு, சராசரியாக 28 சேதம். ஃபீண்ட் என்ற புரவலரோடு ஒப்பந்தம் செய்த வார்லாக்குக்கு அது கிடைக்கும். அப்படிப்பட்ட நாளில் அவர் ஆறு முறை வீசலாம். விசார்ட் ஒரு ஸ்லாட்டை மீட்டுக்கொண்டாலும் மூன்றாம் படியில் வீச முடிவது மூன்று முறைதான்.

மாங்க்கின் நிலை இன்னும் பரிதாபம். ஐந்தாம் நிலையில் கி புள்ளிகள் 5. எதிரியைத் திகைக்க வைக்கும் அடிக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புள்ளி, கூடுதல் குத்துகளுக்கு ஒரு புள்ளி. உற்சாகமாக ஆடினால் இரண்டே சுற்றுகளில் கை காலியாகிவிடும். மறுபக்கம் பாலடினைப் பாருங்கள். நாளுக்கு ஒரே சண்டை என்று தெரிந்துவிட்டால் எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லை. ஐந்தாம் நிலையில் சுற்றுக்கு இரண்டு அடி, கையில் ஆறு ஸ்லாட்டுகள். குறி தவறாவிட்டால் மூன்று சுற்றுகளுக்கு ஒவ்வோர் அடியோடும், ஸ்லாட்டைச் செலவழித்துச் சேதத்தைக் கூட்டும் ஸ்மைட்டைச் சேர்க்கலாம். பெரிய எதிரி வாயைத் திறந்து வசனம் பேசுவதற்குள் கீழே கிடப்பான். உடனே பாலடின் அளவுக்கு மீறிய வகுப்பு என்ற புலம்பல் தொடங்கும். திருடரான ரோக்குக்கோ தீர்ந்துபோவதற்குப் பெரிதாக எதுவுமே இல்லை. நாள் நீள நீள மற்றவர்கள் மெலிவார்கள், அவர் காலையில் இருந்தபடியே இருப்பார்.

ஆட்டத்தை நடத்துகிறவருக்காக 2014-இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேடு, நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டுவரை ஒரு குழு ஒரு நாளில் தாங்கும் என்றும், இடையில் இரண்டு குறு ஓய்வுகள் தேவைப்படும் என்றும் சொல்கிறது. வகுப்புகளைச் சமன் செய்திருப்பது அப்படிப்பட்ட நாளை மனத்தில் வைத்துத்தான். ஒரே மாலையில் எட்டு மோதல்களை ஆடி முடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மேசையில் மாலை முடிந்தால் கதைக்குள்ளும் நாள் முடிய வேண்டும் என்று யார் சொன்னது? மிச்சமிருக்கும் ஸ்லாட்டுகளையும் உயிர்ப் புள்ளிகளையும் தாளில் குறித்துவிட்டு எழுந்து போகலாம். அடுத்த முறை உட்காரும்போது கதையில் அதே நாளின் மதியம். இது ஒன்றை ஏற்றுக்கொண்டாலே பாதிப் புலம்பல் அடங்கிவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம், குறு ஓய்வை வீண் என்று நினைக்கும் விசார்ட்காரர். “எனக்கு ஒன்றும் திரும்பாதே, நடங்கள்” என்பார். தவறு. ஸ்லாட்டுகளில் ஒரு பகுதியை நாளுக்கு ஒரு முறை மீட்கும் ஆர்கேன் ரிகவரி அவரிடம் இருக்கிறது. அது குறு ஓய்வு முடிந்தால்தான் வேலை செய்யும். காயம்பட்ட எல்லோரும் தங்கள் ஹிட் டைஸ் என்ற பகடைகளை உருட்டி உயிர்ப் புள்ளிகளை ஏற்றிக்கொள்வதும் அப்போதுதான். கிளெரிக்கின் தெய்வ ஆற்றலான சேனல் டிவினிட்டி, இயற்கை மந்திரம் சொல்லும் ட்ரூயிட் விலங்காக மாறும் ஆற்றல், ஐந்தாம் நிலையிலிருந்து பாணரான பார்ட் தரும் ஊக்கப் பகடைகள் எல்லாமே குறு ஓய்வில் திரும்புகின்றன. குகைக்குள் தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றை வைப்பது ஆட்டத்தை நடத்துகிறவரின் கடமை. தாழ்ப்பாளைப் பார்த்ததும் உட்காருவது மற்றவர்களின் கடமை.

கதை பெரும்பாலும் நெடும்பயணமாக, சில நாட்களுக்கு ஒரு சண்டை என்று போனால் அதே கையேட்டில் மாற்று விதி ஒன்று இருக்கிறது: குறு ஓய்வு எட்டு மணி நேரம், நெடு ஓய்வு ஏழு நாட்கள். நான் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன். வார்லாக் பாவம் என்று கூடுதலாக இரண்டு ஸ்லாட்டுகளைத் தானம் செய்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. என்றைக்காவது கதையில் உண்மையிலேயே நீண்ட நாள் ஒன்று வரும். அன்றைக்கு அந்தத் தானம் மேசையையே கவிழ்த்துவிடும்.

எனவே பாத்திரத்தை எழுதும் முன் நடத்துகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு நெடு ஓய்வுகளுக்கு இடையில் சாதாரணமாக எத்தனை சண்டைகள் வரும்? ஒன்றுதான் என்றால் வார்லாக்கையும் மாங்க்கையும் வேறொரு குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளெரிக்கை மருத்துவராக்குவது

“குழுவில் கிளெரிக் யாரும் இல்லை, நீ எடுத்துக்கொள்” என்று கடைசியாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். பிறகு அவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது குணப்படுத்திக்கொண்டே இருப்பார், இன்னொருவருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓகர் என்ற பூதம் தன் தடியால் ஓர் அடி அடித்தால் சராசரியாக 13 சேதம். காயத்தைக் குணமாக்கும் முதல் படி மந்திரமான கியூர் வூண்ட்ஸ் எட்டு முகப் பகடை ஒன்றோடு 3 கூட்டினால் சராசரியாக 7.5. ஒரு முறையையும் ஒரு ஸ்லாட்டையும் செலவழித்து, ஓர் அடியின் பாதியைத்தான் திருப்பியிருக்கிறோம். 2024 திருத்தம் பகடையை இரண்டாக்கியது. சராசரி 12-க்கு வந்தது. அப்போதும் அடிதான் மேலே நிற்கிறது. கிளெரிக்கின் முறையை பிளெஸ் மந்திரத்துக்குக் கொடுங்கள். மூன்று பேரின் ஒவ்வொரு தாக்குதலோடும் தற்காப்பு உருட்டலோடும் நான்கு முகப் பகடை ஒன்று கூடும். தோழர் உயிர்ப் புள்ளிகள் பூஜ்யமாகி விழுந்தால் ஹீலிங் வேர்ட். 60 அடி தூரத்திலிருந்தே எழுப்பலாம், அதற்கு போனஸ் செயல் போதும். மற்றபடி கவசமும் கேடயமும் அணிந்த அவரைப் பின்வரிசையில் நிறுத்துவது வீண்.

ரோக் தனியாகப் போவது

ரோக்கின் கூடுதல் சேதத்துக்கு உள்ள ஸ்னீக் அட்டாக் (பதுங்கித் தாக்குதல்) என்ற பெயர்தான் புதியவர்களைக் கெடுக்கிறது. ஒளிந்திருந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்து இருட்டுக்குள் தனியே போகிறார்கள், அங்கேயே விழுகிறார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரிவதும் இல்லை. எதிரிக்கு ஐந்து அடிக்குள் நம் தோழர் ஒருவர் தெம்போடு நின்றாலே போதும், நாம் தாக்கும் உருட்டல் பாதகத்தில் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) இல்லாமல் இருந்தால் அந்தக் கூடுதல் சேதம் கிடைத்துவிடும். ரோக்கின் இடம் ஃபைட்டரின் பக்கத்தில்.

பார்பேரியனுக்குக் கனமான கவசம்

வேண்டாம். அதை அணிந்தால் ரேஜ் என்ற வெறியாட்டத்தின் பலன்கள் போய்விடும்.

ஒருமுகக் கவனம் தேவைப்படும் மந்திரங்களை அடுக்குவது

சில மந்திரங்கள் சொன்னவரின் கவனம் கலையாதவரைதான் நீடிக்கும். அப்படிப்பட்டவை ஒரு நேரத்தில் ஒன்றுதான். ரேஞ்சரும் ட்ரூயிடும் இதை எழுதி ஒட்டி முன்னால் வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் நிலைக்கு முன்பே வகுப்புகளைக் கலப்பது

வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும். ஆகவே ஃபைட்டரில் மூன்று நிலை, விசார்டில் இரண்டு நிலை. தாளில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஐந்தாம் நிலைதான் இந்த ஆட்டத்தின் பெரிய படிக்கட்டு. ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர், பார்பேரியன், மாங்க் ஐவருக்கும் அங்கேதான் இரண்டாவது அடி கிடைக்கிறது. விசார்டுக்கும் கிளெரிக்குக்கும் மூன்றாம் படி மந்திரங்கள் திறப்பதும் அங்கேதான். மூன்றும் இரண்டுமாகப் பிரித்தவருக்கு இரண்டும் இல்லை. நடத்துகிறவரோ குழுவின் நிலையைப் பார்த்து எதிரிகளைக் கொண்டுவருவார்; இவருக்காகத் தனியாகப் பலவீனமான ஓகர் வரப்போவதில்லை.

கலக்கத்தான் வேண்டும் என்றால் இரு வகுப்புகளுக்கும் உரிய முக்கியத் திறன்கள் குறைந்தது 13 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விதியே அனுமதிக்காது. இருந்தால் ஒரு வகுப்பில் ஐந்தைத் தொட்டுவிட்டுக் கலப்பது நல்லது. இதில் நான் ஒத்துக்கொள்ளும் விதிவிலக்கு ஒன்று உண்டு: முதல் நிலையை மட்டும் ஃபைட்டராக எடுத்து, பிறகு முழுக்க விசார்டாகவே போவது. கவசம் கிடைக்கும். அடிபடும்போது ஒருமுகக் கவனத்தைக் காப்பாற்றும் உடல்திடத் தற்காப்பு உருட்டலிலும் தேர்ச்சி கிடைக்கும். ஃபயர்பால் ஆறாம் நிலையில் வரும்.