முட்டை திரியாமல் கிரேக்க கோழி சூப்

கிரேக்க வீடுகளில் சளி பிடித்தால் அடுப்பில் ஏறுவது அவ்கோலெமோனோ. 'அவ்கோ' முட்டை, 'லெமோனி' எலுமிச்சை. முழுக்கோழியை வெங்காயம், உப்பு சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மெல்லிய தீயில் வேகவிட்டு, எடுத்துப் பிய்த்து வைக்கிறார்கள். வடிகட்டிய சாற்றில் ஒரு கைப்பிடி குண்டு அரிசியைக் குழைய வேகவிடுகிறார்கள். மசாலா என்று பார்த்தால் மிளகு மட்டும்தான்!

சொதப்புவது கடைசிக் கட்டத்தில். முட்டையை நேராகக் கொதிக்கும் சூப்பில் ஊற்றினால் பொரியல்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். 2 முட்டையை நுரைக்க அடித்து, ஒரு பெரிய எலுமிச்சையின் சாற்றைச் சேருங்கள். பிறகு ஒரு கரண்டி சூடான சாற்றை நூல் போல ஊற்றிக்கொண்டே விடாமல் அடியுங்கள். இப்படி நாலைந்து கரண்டி போன பின், கலவையைப் பானையில் ஊற்றிக் கிளறி, பிய்த்த கோழியைப் போடுங்கள். அதன் பிறகு கொதிக்கவிடக் கூடாது. மறுநாள் சூடாக்கும்போதும் அப்படியே.

குடிக்க, மலைத் தேநீர். காய்ந்த சிதெரிட்டிஸ் செடியைத் தண்டும் பூவுமாக ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, தேன் கலந்தால் போதும், பால் வேண்டாம். சோம்பு மணக்கும் கிரேக்க மதுவான ஊஸோ குடிப்பவர்கள் முதலில் தண்ணீர், பிறகுதான் ஐஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸை முதலில் போட்டால் சோம்பு எண்ணெய் மேலே படிகமாகப் படியும்.