கைவிடப்பட்ட ஊரின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஃபரீனாவை முன்வைத்து

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் ஆளின்றிக் கிடக்கும் ஊர்களின் கதையைப் பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: தங்கம் தீர்ந்தது, ஊர் காலியானது, மழை பொய்த்தது, ஊர் அழிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் உள்ள ஃபரீனாவுக்கும் அப்படியொரு வரி உண்டு. கோதுமை விளையும் என்று நம்பி, இலத்தீனில் மாவைக் குறிக்கும் சொல்லையே பெயராகச் சூட்டி ஊரை எழுப்பினார்கள் என்றும், வறட்சி வந்து எல்லாவற்றையும் கெடுத்தது என்றும் சொல்வார்கள். இது பொய்யன்று. ஆனால் வறட்சி தொடங்கியது 1880-இல். அஞ்சலகமும் கடையும் மூடப்பட்டதோ 1960-களில். இடைப்பட்ட எண்பது ஆண்டுகள் அந்த ஊர் எதைக் கொண்டு பிழைத்தது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இத்தகைய எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அது ஏன் பிறந்தது, எதனால் வாழ்ந்தது, மக்கள் ஏன் போனார்கள் என்ற மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு காலவரிசையைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அதில் ஊருக்கு வெளியே நடந்தவற்றையும் சேர்க்க வேண்டும். ஃபரீனாவின் வரிசை 1865-இல் தொடங்குகிறது. கடும் வறட்சிக்குப் பின் அந்த ஆண்டில்தான், தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் காய்டர், பயிர்த்தொழிலுக்கு நம்பத்தக்க மழை எதுவரை பெய்யும் என்பதை வரைபடத்தில் கோடாக வரைந்தார். 1870-களில் தொடர்ந்து நல்ல மழை பெய்ததால் அந்தக் கோட்டை மதிப்பாரில்லை. உழுத நிலத்தை மழை தேடி வரும் என்ற நம்பிக்கை பரவியிருந்த காலம் அது. 1878-இல், அதுவரை கவர்ன்மென்ட் கம்ஸ் என்று அழைக்கப்பட்ட இடத்தில், காய்டர் கோட்டுக்கு வெகு வடக்கே, ஃபரீனா உருவானது. 1882-இல் இரயில் வந்தது. 1884-இல் இருப்புப்பாதை மேலும் வடக்கே மரீ வரை நீண்டபோது, ஃபரீனா கடைசி நிலையம் என்ற தகுதியை இழந்தது. இவற்றை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: கோதுமைக் கனவு கலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இரயில் வந்து ஊரைத் தூக்கி நிறுத்தியது.

அடுத்தது செய்தித்தாள்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடியே பாதி வேலையை முடித்துவிட முடியும். ஒரே பெயரில் தேடுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஃபரீனாவைக் கவர்ன்மென்ட் கம்ஸ் என்றும், மரீயை அதன் பழைய பெயரான ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்றும் தேட வேண்டும். கணினி படித்தெடுத்த எழுத்துகளில் பிழைகள் மலிந்திருப்பதால், பக்கத்தின் படத்தை எப்போதும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பெருஞ்செய்திகளைவிடச் சிறு செய்திகளே அதிகம் பயன்படும்: மதுக்கடை உரிமம், பள்ளி ஆசிரியர் மாற்றம், மழைக் குறிப்பு. மழைக் குறிப்பில் பாயின்ட் என்ற அளவு வரும். நூறு பாயின்ட் சேர்ந்தது ஓர் அங்குலம். ஒரு செய்தியில் 25 பாயின்ட் மழை என்றிருந்தால், பெய்தது ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே. இதை அறியாமல் படிப்பவர் பெருமழை என்று எழுதிவிடக்கூடும். அதுபோலவே, பவுண்டும் ஷில்லிங்கும் 1966 பிப்ரவரி வரை புழக்கத்தில் இருந்தவை. அவற்றை இன்றைய டாலராக மாற்றிச் சொல்வதைவிட, அதே ஆண்டில் ஒரு கூலியாளின் வாரச் சம்பளம் என்ன என்பதைத் தேடி அருகில் வைப்பது நேர்மையானது.

ஊரில் யார் வாழ்ந்தார்கள் என்பதை அறிவது இதைவிடக் கடினம். ஆஸ்திரேலியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களை எண்ணி முடித்ததும் அழித்துவிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஆகவே எண்ணிக்கை கிடைக்கும், பெயர்கள் கிடைக்கமாட்டா. பெயர்களுக்கு, தெற்கு ஆஸ்திரேலிய மாநில நூலகத்தில் உள்ள சாண்ட்ஸ் அண்ட் மெக்டூகல் முகவரிப் புத்தகங்களை ஆண்டுவாரியாகப் புரட்டுங்கள். எந்தத் தொழில் எந்த ஆண்டில் பட்டியலிலிருந்து விழுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், ஊர் தேய்ந்த விதம் தானாகத் தெரியும். முதல் உலகப் போருக்குச் சென்றவர்களின் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிறந்த ஊரைக் கொண்டும் தேடலாம்.

இந்த ஏடுகள் எல்லாரையும் ஒரே கண்ணோடு பார்த்தவை அல்ல. இரயில் நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள கால்நடைப் பண்ணைகளுக்குச் சரக்கைக் கொண்டுசென்ற ஒட்டக ஓட்டிகளை எல்லாம் ‘ஆப்கானியர்’ என்று ஒட்டுமொத்தமாக எழுதினார்கள். அவர்களில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே மனிதர் மூன்று எழுத்துக்கூட்டல்களில் வரக்கூடும். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் குறித்துவைத்தாலன்றி அவரைப் பின்தொடர முடியாது. இங்கே கல்லறைத் தோட்டம் உதவும். ஃபரீனாவில் இவர்களின் கல்லறைகள் தனிப் பகுதியாக உள்ளன. கிறித்தவக் கல்லறைகள் பொதுவாகக் கிழக்கு மேற்காக அமையும். உடலை வலப்பக்கமாகச் சாய்த்து மக்காவை நோக்கி வைக்கும் முறையில், அந்த நிலப்பகுதியில் குழி ஏறத்தாழ வடக்கு தெற்காக நீளும். பெயர்ப்பலகை இல்லாத கல்லறையைக்கூட, ஒரு திசைகாட்டியின் துணையோடு இப்படி அடையாளம் காண வழியுண்டு. இந்த ஓட்டிகளை விட்டுவிட்டு ஃபரீனாவின் வரலாற்றை எழுதுவது பெருந்தவறு என்றே கருதுகிறேன். கோதுமை தராத வாழ்வை ஊருக்குத் தந்தவை இரயிலும் ஒட்டகமும்தான். நில அளவைக்கு முன்பே அந்த நாட்டுக்கு உரிய பழங்குடி மக்களின் வரலாற்றையோ, அவர்களின் சமூக அமைப்புகளிடம் ஒப்புதல் பெற்று, அவர்கள் பகிர விரும்பும் அளவுக்கே எழுத வேண்டும்.

நேரில் செல்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏடுகளைப் படித்துவிட்டுப் போனால்தான், எந்தச் சுவர் விடுதி, எந்த மேடு இருப்புப்பாதை என்று கண் பிரித்தறியும். ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். உடைந்த புட்டியையும் துருப்பிடித்த ஆணியையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமாகலாம், அதைவிட, இடத்திலிருந்து பிரிந்த பொருள் சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிடும். குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் அங்கு தங்கி இடிந்த கட்டடங்களைச் செப்பனிடுவதோடு, நிலத்தடியில் உள்ள பழைய அடுமனையில் ரொட்டியும் சுடுகிறார்கள். அப்போது சென்றால், ஊரின் கட்டடங்களைக் கல் கல்லாக அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மழை பெய்தால் அப்பகுதியின் மண் சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால், மாநில அரசின் சாலை அறிவிப்பைப் புறப்படும் நாளன்றே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரையும் எரிபொருளையும் தேவைக்கு மேலாகவே எடுத்துச் செல்லுங்கள்.