நெக்ஸஸ் 5-இல் ஓவர்கிளாக் ப்ரொஃபைல்: குறைக்கும் வழி முதலில், கூட்டும் வழி அப்புறம்

போனின் ப்ராசஸர் வேகத்தைக் கூட்டிப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பழைய நெக்ஸஸ் 5-ஐத்தான். 2013-இல் கூகுளுக்காக எல்ஜி தயாரித்த போன் இது. உள்ளே இருப்பது ஸ்னாப்டிராகன் 800, நான்கு கோர், உச்ச வேகம் 2265.6 மெகாஹெர்ட்ஸ். போன் தொடங்கும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரை யாரிடமும் அனுமதி கேட்காமல் திறக்கலாம். ஏதாவது கெட்டுப்போனால், கூகுளின் மூல இமேஜை, அதாவது போனோடு வந்த மென்பொருளின் முழுப் பிரதியைப் போட்டுப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். பழகுவதற்கு இந்தக் கடைசி வசதிதான் முக்கியம்.

அன்றாடம் பேசும், பணம் அனுப்பும் போனில் இந்த வேலையே வேண்டாம். ரூட் செய்த, அதாவது உள்ளமைப்பையும் மாற்றும் முழு அதிகாரத்தைத் திறந்துவிட்ட போனில் பல வங்கி ஆப்கள் திறக்காது. சில கம்பெனி போன்களில் பூட்லோடரைத் திறந்தால் வாரண்டியும் போய்விடும். இரண்டாவது போன் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ப்ரொஃபைல் என்றால் என்ன

"இந்த நிலைமை வந்தால் ப்ராசஸரின் உச்ச வேகம் இவ்வளவு" என்று எழுதிவைக்கும் ஒரு விதிதான் ப்ரொஃபைல். திரை அணைந்தால் ஒரு வேகம், பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு வேகம், சூடு ஏறினால் இன்னொரு வேகம். செட்சிபியு என்ற ஆப் இதைப் பிரபலமாக்கியது. அதில் ஒவ்வொரு விதிக்கும் முன்னுரிமை எண் உண்டு. இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் பொருந்தினால் பெரிய எண் உள்ளது ஜெயிக்கும். நீங்கள் எந்த ஆப்பை எடுத்தாலும் இந்த அடிப்படை மாறாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் உச்ச வேகத்தைக் கூட்டுவதில்தான் தொடங்குகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். வேகத்தைக் குறைக்கும் விதிகளை முதலில் எழுதி, அவை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே ஒரு மெகாஹெர்ட்ஸாவது கூட்டுங்கள். இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

முன்வேலை

படம், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிடுங்கள். பூட்லோடரைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழியும். பிறகு டிடபிள்யூஆர்பி ரெக்கவரியை (ஆண்ட்ராய்டு தொடங்காமலே பேக்கப் எடுக்கவும் மீட்கவும் உதவும் தனி மென்பொருள்) போட்டு ரூட் செய்யுங்கள். அதன் பிறகு, வேறு எதையும் தொடும் முன்னால், ரெக்கவரியிலிருந்து முழு பேக்கப் ஒன்று எடுங்கள். பூட் பகுதியும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் மூல கர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக இயக்கும் ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பேக்கப்பின் ஒரு பிரதியைக் கணினியிலும் வையுங்கள்.

அடுத்தது கர்னல். ப்ராசஸர் எந்தெந்த வேகத்தில் ஓடலாம் என்ற பட்டியலே கர்னலுக்குள்தான் இருக்கிறது. மூல கர்னலின் பட்டியல் 300-இல் தொடங்கி 2265.6-இல் முடிகிறது. அதற்கு மேல் ஓட்ட எந்த ஆப்பாலும் முடியாது. ரூட் கேட்காமலே போனை வேகமாக்குவதாகச் சொல்லும் பூஸ்டர் ஆப்களை நம்பி ஏமாற வேண்டாம். அதைவிடக் கூடுதல் வேகங்களும் உள்ள, பிறர் மாற்றி எழுதிய ஒரு கஸ்டம் கர்னல் வேண்டும். நெக்ஸஸ் 5-க்கு எலிமெண்டல்எக்ஸ், ஃப்ராங்கோ இரண்டும் பலர் பயன்படுத்தியவை. உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்புக்கு உரியதுதானா என்று இருமுறை பாருங்கள். 4.4-க்கான கர்னலை 6.0.1-இல் போட்டால் போன் லோகோவிலேயே நின்றுவிடலாம்.

கர்னல் போட்டதும் ஒரு நாள் பழைய வேகத்திலேயே ஓட விடுங்கள். அழைப்பு, கேமரா, வைஃபை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது கோளாறு வந்தால், அது கர்னலாலா வேகத்தாலா என்று குழம்ப வேண்டியிருக்காது.

இப்போதைக்குத் தொடக் கூடாத ஒரு டிக்

எல்லா ஆப்களிலும் "போன் தொடங்கும்போதே இந்த அமைப்பைப் போடு" என்று ஒரு டிக் இருக்கும். இப்போதைக்கு அதை அணைத்தே வையுங்கள். நீங்கள் மாற்றும் வேகமெல்லாம் தற்காலிக நினைவகத்தில் மட்டும் நிற்பவை. போன் உறைந்துபோனால் பவர் பட்டனைப் பத்து, பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், ரீஸ்டார்ட் ஆகிப் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அந்த டிக்கைப் போட்டிருந்தால், தாங்காத வேகம் ஒவ்வொரு முறையும் திரும்ப ஏறி, போன் தொடங்குவதும் நிற்பதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சில கர்னல்கள் நிறுவும்போதே தொடக்க வேகத்தைக் கேட்கும். அங்கேயும் மூல அளவையே தேர்ந்தெடுங்கள்.

குறைக்கும் விதிகள்

முதல் விதி சூட்டுக்கு. பேட்டரி வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உச்ச வேகம் 1190.4, முன்னுரிமை 100. லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் நல்லதல்ல. அந்தச் சூட்டில் சார்ஜும் ஏறினால் ஆயுள் வேகமாகக் குறையும். பேட்டரியின் சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அதனால்தான் இரண்டு டிகிரி முன்னாலேயே பிடிக்கிறோம். ஆப்பில் ப்ராசஸர் வெப்பம் என்று வேறொரு எண்ணும் தெரியும். கனமான வேலையின்போது அது 70-ஐத் தாண்டுவது சகஜம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதைக் கவனித்துக்கொள்ள போனுக்குள்ளேயே ஒரு வெப்பப் பாதுகாப்பு இருக்கிறது. சில ஆப்களில் அதை அணைக்கும் பட்டனும் உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள். அதை அணைத்துக் கிடைக்கும் வேகத்தை வேகமாக நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சார்ஜ் ஏறும்போது உச்சம் 1574.4, முன்னுரிமை 90. மின்சாரம்தான் கிடைக்கிறதே என்று இங்கே வேகத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. சார்ஜரின் சூடும் ப்ராசஸரின் சூடும் ஒரே சின்ன உடம்புக்குள் சேரும் நேரம் அது. குறைக்க வேண்டிய இடம்.

பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் 1190.4, முன்னுரிமை 80. இதில் விளக்க ஒன்றுமில்லை.

திரை அணைந்தால் 1036.8, முன்னுரிமை 70. பேட்டரி மிச்சமாகும் என்று இதை 300-க்கே இறக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் பாட்டு விக்கும். அழைப்பு வரும்போது மணி அடித்தும் திரை விழிக்கத் திணறும். சின்ன வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு மறுபடி தூங்கினால்தான் பேட்டரி மிச்சம். குறைந்தபட்ச வேகம் எல்லா விதியிலும் 300 ஆகவே இருக்கட்டும்.

எந்த நேரத்தில் எந்த வேகம் என்று முடிவு செய்கிற கவர்னருக்கு, இந்த போனில் இன்டராக்டிவ் போதும். பர்ஃபார்மன்ஸ் எப்போதும் உச்சத்திலேயே நிற்கும், எந்த விதியிலும் அதை வைக்காதீர்கள்.

இப்போது சோதியுங்கள். சார்ஜரைச் செருகி ஆப்பில் உச்ச வேகம் 1574.4 என்று மாறுகிறதா பாருங்கள், பிடுங்கியதும் திரும்புகிறதா பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். குவால்காம் போன்களில் எம்பிடிசிஷன் என்று ஒரு சேவை கோர்களை அணைத்து எழுப்பிக்கொண்டே இருக்கும். எழுந்து வரும் கோர் சில நேரம் நீங்கள் போட்ட அளவை விட்டுவிடும். நான்கு கோரிலும் ஒரே அளவு நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகே அடுத்த படி. சூட்டு விதிக்கு ஒரு வழி: வரம்பைத் தற்காலிகமாக 35 டிகிரி என்று வைத்து, ஒரு கேம் ஆடி, வேகம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி 43 ஆக்குங்கள்.

இனி கூட்டலாம்

இந்த ப்ராசஸரில் வேகம் 76.8 மெகாஹெர்ட்ஸின் அடுக்குகளாக ஏறும். 2265.6-க்கு அடுத்தது 2342.4, அதற்கடுத்தது 2419.2. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். படி ஏறியதும், ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஆப் ஒன்றை 20 நிமிடம் ஓட்டுங்கள், போன் மேசை மேல் இருக்கட்டும், கவரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்றைக் கவனியுங்கள்: ஓடும் வேகம், பேட்டரி வெப்பம், ஆப் தானாக மூடிக்கொள்கிறதா என்பது.

தொடக்கத்தில் 2342 காட்டும். சில நிமிடங்களில் 1958, பிறகு 1728 என்று இறங்கினால், வெப்பப் பாதுகாப்பு கையை வைத்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் கூட்டியது அந்த முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் பயன். ஆப் மூடினாலோ, திரை உறைந்தாலோ, போன் தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ ஒரு படி கீழே வந்து அங்கேயே நின்றுவிடுங்கள். இரண்டாம் வாய்ப்பு கொடுக்க வேண்டாம். சேமிப்பில் ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போது போன் திடீரென்று நின்றுபோனால் அங்கே உள்ள ஃபைல்களும் கெடலாம்.

இன்னொருவர் போனில் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஓடியது என்பது உங்களுக்கு உத்தரவாதம் அல்ல. ஒரே மாடலிலும் சிப்புக்குச் சிப் தரம் மாறும். குவால்காம் இதை பிவிஎஸ் என்ற பிரிவு எண்ணால் குறிக்கிறது. எண் கூடினால் அதே வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும் என்று பொருள்.

மின்னழுத்தத்தைக் கூட்டி மேலே தள்ளலாமே என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். சிப் செலவழிக்கும் மின்சக்தி வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 2265.6-இலிருந்து 2419.2-க்குப் போனால் வேகம் சுமார் 7 சதவீதம் கூடும். அதற்காக மின்னழுத்தத்தை 5 சதவீதம் கூட்டினால் செலவும் சூடும் சுமார் 18 சதவீதம் கூடும். 2300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது பெரிய சுமை. தொடக்கக்காரர்கள் மின்னழுத்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

தாங்கிய வேகத்திலிருந்து ஒரு படி குறைத்து, அதைக் கேம் ஆடும்போது மட்டும் வரும் ப்ரொஃபைலாக எழுதுங்கள். முன்னுரிமை 10. சூடு, சார்ஜ், பேட்டரி எது வந்தாலும் இதை மீறட்டும். மற்ற நேரத்துக்கு 2265.6 தாராளம், வாட்ஸ்அப்புக்கும் பிரௌசருக்கும் அதற்கு மேல் எந்தத் தேவையும் இல்லை.

குளிர்ந்த அறையில் தேறிய வேகம் கத்திரி வெயிலில் தேறாது. ஒரு மதிய நேரத்தில், ஏசி இல்லாத அறையில் அதே 20 நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

கடைசியாக அந்த டிக்

ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடினால், தொடக்கத்திலேயே போடும் டிக்கை இப்போது போடலாம். ஆப்பில் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் இரண்டு நிமிடம் வையுங்கள், போன் எழுந்ததும் உள்ளே போய் அணைக்க அவகாசம் கிடைக்கும். அதையும் மீறிச் சுற்றிக்கொண்டே இருந்தால் ரெக்கவரிக்குப் போய், முதலில் எடுத்த பேக்கப்பிலிருந்து பூட் பகுதியை மட்டும் மீட்டால் போதும். மூல கர்னலின் பட்டியலில் அந்த வேகமே இல்லாததால் ஆப்பால் அதைப் போட முடியாது, உங்கள் ஃபைல்களும் அப்படியே இருக்கும்.

கர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த டிக்கை எடுத்துவிட்டுப் புதுப்பியுங்கள், பிறகு 20 நிமிடச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால், பின்மூடி லேசாக எழும்பியிருந்தாலே, ஓவர்கிளாக்கை நிறுத்திவிட்டு முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.